இணையக் கருவிகளும் எங்கள் தோட்டத்துத் தமிழ் வகுப்பும்

கோல சிலாங்கூர் மாவட்டத்துக்காரர்கள் வாயில் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயர்தான் இன்னும் முதலில் வரும். 2007இல் அவ்வூர் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. 'பெஸ்தாரி' என்றால் மலாயில் அறிவுக்கூர்மை உள்ளது என்று பொருள். நம் கல்வி அமைச்சுக்கும் இச்சொல்லின்மீது தனிப்பாசம் உண்டு. 1999இல் முன்னோட்டமாகத் தொடங்கிய விவேகப் பள்ளித் திட்டத்தின் மலாய்ப் பெயர் 'செக்கோலா பெஸ்தாரி'. பின்னர் நாட்டின் ஏறக்குறைய பத்தாயிரம் பள்ளிகளை இணையத்தால் இணைக்க வந்த திட்டத்தின் பெயர் '1பெஸ்தாரிநெட்'. ஊரும் பெஸ்தாரி, பள்ளியும் பெஸ்தாரி, இணையமும் பெஸ்தாரி! இவற்றுக்கு நடுவே, வடசிலாங்கூரின் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் தமிழ்மொழி கற்பிக்கும் நான், இணையக் கருவிகளை வகுப்பில் பயன்படுத்தக் கற்றுக்கொண்ட விதத்தை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். நம் கழகத்தினர் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகிறவர்கள். மற்றவர்களும் விடுமுறைகளில் தோட்டப்புறங்களுக்கு வந்து பாடம் சொல்லித் தருகிறவர்கள். இரு சாராருக்கும் இது பயன்படலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்களுக்கான பட்டறைகளில் பெரும்பாலும் கிடைப்பது கருவிகளின் பெயர்ப்பட்டியல். காலையில் நான்கு கருவி, தேநீருக்குப் பிறகு மூன்று கருவி, மாலையில் நற்சான்றிதழ். வீட்டுக்கு வந்து தமிழில் ஒரு பயிற்சியைத் தயாரிக்க உட்கார்ந்தால்தான் சிக்கல் புரியும். பட்டறையில் காட்டிய எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தவை. தமிழ் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிந்துகொண்ட பிறகுதான் எனக்குக் கருவிகள் கைவந்தன.

பள்ளிகளுக்குக் கணினி வந்த கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது மடிக்கணினி, திரைவீழ்த்தி, குறுவட்டு ஆகியவை தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தன. ஆனால் அவை அப்பாட ஆசிரியர்களுக்கு உரியவை. தமிழாசிரியர் இரவல் வாங்க வேண்டும். அடுத்த பத்தாண்டில் '1பெஸ்தாரிநெட்' திட்டத்தோடு மெய்நிகர் கற்றல் தளம் ஒன்று வந்தது. அத்தளத்தின் பயன்பாடு ஐந்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. 2019ஆம் ஆண்டின் நடுவில் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. பிறகு கூகுள் வகுப்பறை. 2020 ஜூனில் அதையும் உள்ளடக்கிய 'டெலிமா' தளம். ஒவ்வொரு முறையும் புதுக் கடவுச்சொல், புதுப் பட்டறை.

இத்தனை மாற்றங்களிலும் என்னோடு வந்தது ஒன்றுதான்: பழைய வினாத்தாள்கள். எங்கள் பள்ளியில் எனக்கு முன் பணியாற்றிய ஆசிரியர்கள் கருத்துணர் பகுதி, இலக்கணப் பயிற்சி, வாக்கியம் அமைத்தல் என்று ஆண்டுக்கணக்காகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். அருமையான வினாக்கள். அவற்றைக் கூகுள் படிவத்தில் ஒட்டினால், தமிழுக்குப் பதிலாகச் சம்பந்தமில்லாத குறிகளும் ஐரோப்பிய எழுத்துகளும் வந்து நின்றன. இப்படி நேர்வதை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் அழித்தும் விடுகிறார்கள். கோப்பில் பழுதில்லை. நடப்பது இதுதான்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். பழைய முறையில் ஓர் எழுத்துருவுக்குள் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் ஆங்கிலத்துக்கோ வேறு குறிகளுக்கோ உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தார்கள். கோப்பில் உள்ளது ஏதோ ஓர் எண். அந்தக் குறிப்பிட்ட எழுத்துரு இருக்கும்வரை அது 'க' என்று தெரியும். எழுத்துருவை மாற்றினால் வேடம் கலைந்துவிடும். மேலும், எந்த எண்ணில் எந்த எழுத்து என்பதில் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு வழியில் சென்றது. இதை ஒழுங்குபடுத்தத்தான் 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. 2001இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. இந்த முயற்சிகளில் மலேசியர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. கிள்ளான் கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985இலேயே 'முரசு' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். அவருடைய 'இணைமதி' எழுத்துரு பின்னர் ஆப்பிள் கணினிகளிலும் இடம்பெற்றது. அந்தப் பெயரை எங்கள் ஆசிரியர் அறையில் மூத்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

இன்று நாம் பயன்படுத்துவது ஒருங்குறி. அதில் தமிழுக்கென்றே 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 'அ' என்றால் 2949, 'க' என்றால் 2965. எந்த எழுத்துருவில் பார்த்தாலும், எந்தக் கைப்பேசியில் திறந்தாலும் அது 'க'தான். இணையக் கருவிகள் புரிந்துகொள்வது இதை மட்டுமே. ஆகவே பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றாமல் தமிழாசிரியர் எந்தக் கருவியைக் கற்றாலும் கையில் சரக்கில்லாமல் கடை திறந்த கதைதான்.

மாற்றுவதற்கு எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் மாற்றிய பின் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். பழைய எழுத்துருக்களில் பெரும்பாலானவை கொம்பை முன்னால் வைத்து, பிறகு 'க' வைத்து, பிறகு கால் வைத்து 'கொ' என்று காட்டும். நாம் கையால் எழுதும் வரிசை. ஒருங்குறியில் 'க' முதலில், உயிர்க்குறி அடுத்து. இந்த இடமாற்றத்தில் சில கொம்புகள் பக்கத்து எழுத்துக்குத் தாவிவிடும். காலும் 'ர'வும் சில எழுத்துருக்களில் ஒரே வடிவம் என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார்ந்திருக்கும். இன்னொன்று நாமே செய்வது: 'கௌரவம்' என்று எழுத வேண்டிய இடத்தில் கொம்பையும் 'ள'கரத்தையும் தனித்தனியே தட்டி 'கெளரவம்' என்று எழுதிவிடுகிறோம். தாளில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு அது 'கெ-ள-ர-வ-ம்'. தேடினால் கிடைக்காது, திருத்தினால் பொருந்தாது.

இங்கிருந்துதான் வகுப்பறைக்கு வருகிறேன். நான்காம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்தேடல் விளையாட்டு ஒன்றை ஒரு கருவியில் தயாரித்தேன். 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்ததும் கட்டங்களில் த, ம, ஒரு விசிறி, ழ, ஒரு புள்ளி என்று ஐந்து துண்டுகளாகப் பரப்பி வைத்தது. நமக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் ஐந்து எண். கருவியை எழுதியவர் எண்ணை எண்ணியிருக்கிறார், எழுத்தை எண்ணவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, அதையே பாடமாக்கினேன். 'மி' என்பது எத்தனை எழுத்து? கணினி ஏன் இரண்டு என்கிறது? உயிர்மெய் என்பதற்கு அன்று கிடைத்ததைவிட நல்ல விளக்கம் எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை. ஆனால் புதிர்களுக்கு அக்கருவியை விட்டுவிட்டேன். தாள்விரிப்பு ஒன்றில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நாமே இட்டுக்கொள்வது எளிது.

புதிர்ப்போட்டிக் கருவிகளுக்கு வருவோம். கஹூட் போன்றவற்றைப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், ஓய்வு நேரத்துக்கு முன் பத்து நிமிடத்துக்கு. அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. அவ்விளையாட்டில் விரைவாகத் தட்டுபவருக்கு மதிப்பெண் கூடுதல். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை வினாவை முடிக்குமுன் நேரம் போய்விடும். அவன் இரண்டாவது வாரத்திலேயே வினாவைப் படிப்பதை நிறுத்திவிட்டு வண்ணத்தைப் பார்த்துத் தட்டக் கற்றுக்கொள்வான். அதோடு, நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுகிற பிள்ளை ஒரு தமிழ்ச் சொல்லையும் எழுதுவதில்லை. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் தமிழ் பேசுவதில் குறைவில்லை. எழுதுவதில்தான் தடுமாற்றம். எழுத வேண்டிய பிள்ளையை எழுதாமலே நூறு மதிப்பெண் வாங்க வைக்கிற கருவி தமிழ் வகுப்புக்கு என்ன செய்கிறது என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனக்கு அதிகம் உதவியது மிகச் சாதாரணமான ஒன்று: கூகுள் படிவமும் அதனோடு வரும் தாள்விரிப்பும். குறுவிடை வினா வைத்து, பிள்ளைகளையே தமிழில் தட்டச்சு செய்ய வைக்கிறேன். தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிடுகிறேன். காரணம் மேலே சொன்னதுதான். 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் இடலாம், கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாகவும் இடலாம். ஒருங்குறி இரண்டையும் சமமாகவே கருதுகிறது என்றாலும், ஒப்பிடும் கருவி அதை அறிந்திருக்க வேண்டும். சரியாக எழுதிய பிள்ளைக்குத் தவறு என்று காட்டினால் அதற்கு யார் பதில் சொல்வது?

விடைகள் தாள்விரிப்பில் விழுந்ததும் அந்த நெடுவரிசையை அகரவரிசையில் அடுக்குவேன். அப்போது தெரிவது வியப்பானது. ஒரே மாதிரி விடைகள் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். ஐந்து பேர் 'பள்ளிகூடம்' என்று ஒற்றில்லாமல் எழுதியிருப்பார்கள். மூவர் 'மழை'யை 'மலை' ஆக்கியிருப்பார்கள். 'அன்னன்' என்று எழுதியவர்கள் ஒரு கூட்டம். பயிற்றி ஏடுகளை ஒவ்வொன்றாகத் திருத்தும்போது இவை தனித்தனிச் சிவப்புச் சுழிகள். அடுக்கிப் பார்க்கும்போது இன்னார் இன்னாருக்கு ணகர னகரம், இன்னாருக்கு வலிமிகுதல் என்று மறுநாள் பாடம் தானே பிரிந்து நிற்கிறது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்ட பின் வகுப்புசார் மதிப்பீட்டுக்குச் சான்று காட்ட வேண்டியிருக்கிறதே, அதற்கும் இந்தத் தாள்விரிப்பே போதும்.

பிள்ளைகளுக்குத் தட்டச்சு வருமா என்று கேட்பீர்கள். வரும். எந்த விசைப்பலகை என்பதில்தான் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பெரியவர்கள் பலர் ஆங்கில எழுத்தொலிப்பில் தட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் பழகினேன். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை 'ழ'வுக்கு எந்த ரோமன் எழுத்து என்று யோசித்துத் தமிழ் எழுதக் கூடாது. தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். 'க'வைத் தட்டி 'இ'யைத் தட்டினால் 'கி'. 'க'வை இரண்டு முறை தட்டினால் 'க்க' என்று புள்ளி தானே விழும். 12 உயிர், 18 மெய் ஆகியவற்றிலிருந்து 216 உயிர்மெய் பிறக்கும் இலக்கணத்தை விரலே கற்றுக்கொள்கிறது. அதன் படத்தை அச்சிட்டுப் பிளாஸ்டிக் உறையிட்டு ஒவ்வொரு மேசையிலும் வைத்தோம். கைப்பேசியிலும் இதே விசைப்பலகை உண்டு. 2005இல் வெளிவந்த 'செல்லினம்' முதலாகப் பல செயலிகள் வந்துவிட்டன. ஏறக்குறைய ஆறு பாடவேளையில் பெரும்பாலோர் படத்தைப் பாராமல் தட்டத் தொடங்கிவிட்டார்கள்.

குரல்வழித் தட்டச்சும் இருக்கிறது. 2017இல் கூகுள் தமிழுக்கும் அதைக் கொடுத்தது. வாசிப்புப் பயிற்சிக்கு அது வேடிக்கையான துணை. 'பழம்' என்று சொன்னால் 'பழம்' என்று வருகிறதா பார் என்றால், நாக்கை மடிக்கப் பிள்ளைகள் படும் பாடு கண்கொள்ளாக் காட்சி. எழுத்துப் பயிற்சிக்கு மட்டும் அதை நான் அனுமதிப்பதில்லை. பிழையை அதுவே திருத்திவிடுகிறது; பிள்ளைக்கு என்ன தெரியவில்லை என்பது எனக்குத் தெரியாமல் போகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கட்டுரையையே எழுதித் தருகின்றன. வினாக்கள் தயாரிக்க நானும் பயன்படுத்துகிறேன், வரிக்கு வரி சரிபார்த்து. பிள்ளைகளின் கையில் கொடுப்பதற்கு எனக்கு அவசரம் இல்லை.

இவையெல்லாம் பள்ளிக் கணினி அறை இருக்கும்போது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியபோது நிலைமை வேறு. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று கல்வி அமைச்சின் ஆய்வு அப்போது கூறியது. அவ்வாண்டு ஜூனில் சபாவில் ஒரு மாணவி தேர்வெழுத மரத்தின் மேல் ஏறி இணையம் பிடித்த காணொளி நாடு முழுதும் பரவியது. எங்களுக்கு அது புதுமையாக இல்லை. கோலாலம்பூரிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலையில் வந்தால் ஈஜோக் ஒரு மணி நேரத்துக்குள். ஆனால் செம்பனைக்குள் நுழைந்துவிட்டால் அலை மெலிந்துவிடும். பிள்ளைகள் சாலையோரத்துக்கு வர வேண்டும்.

கைப்பேசி இல்லாத வீடு எங்கள் தோட்டத்தில் குறைவு. ஒரே ஒரு கைப்பேசி உள்ள வீடுதான் அதிகம். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மாலை ஆறு மணிக்குமேல் வீட்டுக்கு வரும். முதலில் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அண்ணனுக்கு, பிறகு அக்காளுக்கு, கடைசியில் ஒன்பது மணிக்கு என் மாணவிக்கு. காலை எட்டு மணிக்குக் காணொளி வகுப்பு வைத்தால் வருவது யார், வராமல் போவது யார் என்று சொல்லவே வேண்டியதில்லை. இல்லிருப்புக் கற்றலில் 'வருகை' என்ற கட்டத்தில் நாம் இட்ட குறி எதை அளந்தது? தந்தையின் வேலை நேரத்தைத்தான்.

ஆகவே நேரலை வகுப்பை விட்டுப் புலனத்தின் குரல் பதிவுக்கு மாறினேன். ஒரு மணி நேரக் காணொளிக் கூட்டம் பல நூறு மெகாபைட்டை விழுங்கும். ஒரு நிமிடக் குரல் பதிவுக்கு நூறு, இருநூறு கிலோபைட் போதும். முன்கட்டண அட்டையில் ஐந்து வெள்ளி போட்டவருக்கு இவ்வேறுபாடு பெரிது. அதிகாலையில் என் குரலில் பாடம் போகும். எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் பிள்ளையின் குரல் திரும்பி வரலாம். இரவு பத்தரைக்கும் வந்திருக்கிறது, பின்னணியில் தவளைச் சத்தத்தோடு. எழுத்துவேலையைத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினார்கள்.

அக்காலத்தில் கொடுத்த ஒரு பணிதான் இன்றுவரை தொடர்கிறது. பாட்டியிடமோ தாத்தாவிடமோ ரப்பர் மரம் சீவிய காலத்துச் சொல் ஒன்றைக் கேட்டு, அதற்கு அவர் சொல்லும் விளக்கத்தை அவர் குரலிலேயே பதிந்து அனுப்ப வேண்டும். பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், நிரை, கிராணி என்று வந்து குவிந்தன. பேரப்பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு உதவ முடியாது என்று ஒதுங்கியிருந்த எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார், ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம் பேசினார்கள். பள்ளி திறந்ததும் பிள்ளைகள் அப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டுத் தமிழ்99இல் தட்டி, தாள்விரிப்பில் சொல், பொருள், சொன்னவர், தோட்டம் என்று நான்கு நெடுவரிசையில் நிரப்பினார்கள். 'பெரட்டு' என்று தட்டினால் கைப்பேசியின் சொல் ஊகிப்பு 'புரட்டு' என்று மாற்றப் பார்க்கும். "சார், இதுக்கு நம்ம பாட்டி பேச்சு தெரியல" என்றான் ஒருவன். காலையில் ஆளெடுக்கும் அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான் நம் மக்கள் வாயில் பெரட்டு ஆயிற்று என்று விளக்க எனக்கு ஒரு பாடவேளை கிடைத்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து பல ஆண்டுகள் ஆன தோட்டங்களில், மங்கைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் அச்சொல்லைப் பிழையில்லாமல் எழுதுகிறார்கள்.

கருவிகள் நிலைப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மெய்நிகர் தளம் 2019இல் போனது. பலரும் விரும்பிய ஜாம்போர்டை கூகுள் 2024 இறுதியில் நிறுத்தியது. பிள்ளைகளின் காணொளிப் பேச்சுக்கு உதவிய பிலிப் தளமும் அதே ஆண்டில் தனித்தளமாக இல்லாமல் போனது. அவற்றுக்குள்ளேயே பாடங்களை அடைத்து வைத்திருந்தவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். நான் வினாக்களை வெறும் ஒருங்குறி உரையாக, அலங்காரம் இல்லாமல், ஆண்டு, தலைப்பு வாரியாகத் தாள்விரிப்பில் வைத்திருக்கிறேன். எந்தக் கருவி வந்தாலும் அங்கிருந்து எடுத்து ஒட்டினால் ஐந்து நிமிட வேலை.

நம் கழகத்தினர் வடசிலாங்கூருக்கு வருவதென்றால் விளையாட்டுகளையும் ஊக்கவுரையையும் தாராளமாகக் கொண்டு வாருங்கள். ஆனால் எங்களுக்கு அதைவிட வேண்டியது தட்டச்சு தெரிந்த கைகளும் பிழை பார்க்கும் கண்களும். எங்கள் பள்ளி அலமாரியில் 2003க்குப் பிந்தைய குறுவட்டுகள் இரண்டு பெட்டி இன்னும் மாற்றப்படாமல் கிடக்கின்றன. இப்போதைய மடிக்கணினிகளில் குறுவட்டு போடும் இடமே இல்லை. வெளியே பொருத்தும் குறுவட்டு இயக்கி யாரிடமாவது இருந்தால், வரும்போது மறக்காமல் எடுத்து வரவும்.